மிச்சக் காசு

இருபத்தாறு வருசம் கல்முனை ரோட்டில்
எண்களோடு அலைந்தவன் நான்.
இப்போதும் எண்கள்தான்.
விடிய முந்நூற்றுப் பன்னிரண்டு.
மெஷினில் இருந்து எழும்ப நூற்றுப் பத்து.
வீட்டுப் படி ஏறும்போது என்னவோ,
அதை விரல்தான் சொல்லவேண்டும்.
டிக்கெட் கிழித்த பெருவிரலைப் போல
மற்ற விரல்களும் தடித்துவிட்டன.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.
திங்கள், புதன், வெள்ளி.
நாலு மணித்தியாலம் இரத்தம் வெளியே போய்
ஊர் சுற்றிவிட்டு வரும்.
பக்கத்துக் கட்டில் காத்தான்குடி உதுமாலெவ்வை,
மெஷின் கத்தும்போதெல்லாம்
"கொண்டக்டர், பின்னுக்குப் போகச் சொல்லுங்க" என்பார்.

சுகிர்தா மிஸி சொன்னது எனக்கு உடனே விளங்கியது.
கிட்னி நல்லாயிருந்த காலத்தில்
போட்ட இன்சுலின் நேரத்துக்கு இறங்கிப் போகும்.
இப்போது கடைசித் தரிப்பிடம் தாண்டியும்
உள்ளேயே குந்தியிருக்கும்.
அதனால்தான் பாதியாகக் குறைத்தது.
நேசம்மாவுக்குத்தான் கை வரவில்லை.
பதினொரு வருசம் பதினெட்டுக் கோடு இழுத்த கை.
ஒன்பதில் நிறுத்தும்போது
அரை வயிற்றுக்குச் சோறு போட்டவள் போல
முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கூடினால் தாகம்.
தாகத்துக்கு எழுநூறு மில்லி, அளந்த போத்தல்.
தாண்டினால் நிறை ஏறும், மெஷின் இழுக்கும்,
கெண்டைக்கால் குறண்டும்.
குறைந்தால்
செவ்விளநீர் ஆகாது. தோடம்பழம் ஆகாது.
சீனி ஆகும்.
நாற்பது வயதிலிருந்து எனக்கு ஒளித்து வைத்த சீனி
இப்போது என் சட்டைப் பையில்,
மருந்துப் பேப்பரில் மடித்து,
கள்ளக் கடத்தல் மாதிரி.

போன வெள்ளி.
கல்லடிப் பாலத்தில் வாவி சேற்று நிறம்,
முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை.
ஆரையம்பதியில் வியர்த்தது.
தாழங்குடாவில் நாக்கு என் சொல் கேட்கவில்லை.
கிரான்குளத்தில், சட்டைப் பை
கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.
கொண்டக்டர் பொடியன் குனிந்து பார்த்தான்.
"போட்டுட்டா ஏறினீங்க?
சத்தி எடுத்தா ஆர் கழுவுற? இறங்குங்க."
சீனி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
வாய், "கல்முனை கல்முனை" என்றது.

முன் சீட்டில் மீன்பெட்டியோடு இருந்த மனுசி
என் கையின் பிளாஸ்டரைக் கண்டாள்.
"குடிகாரன் இல்லடா, இது மெஷின் கை.
என்ர மச்சானுக்கும் இருந்தது."
இருந்தது என்றாள்.
என் பையைத் துழாவி, பேப்பரைக் கிழித்து,
கன்னத்துக்குள் திணித்தாள்.
விரலெல்லாம் சூரை மணம்.
இனிப்புக்கு அப்படியொரு மணம் உண்டென்று
எனக்குத் தெரியாது.

செட்டிபாளையத்தில் உலகம் திரும்பி வந்தது.
அதோடு இன்னொருவரும் வந்தார்.

இரண்டாயிரத்து மூன்று, ஒரு மத்தியானம்.
வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.
வியர்க்கிறவனை ஒருவரும் நம்பாத காலம்.
நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று.
மணியடித்தேன். தோளில் பிடித்துத்
தாழங்குடாவில் இறக்கினேன்.
பஸ் எடுக்கும்போது பார்த்தேன்,
நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.
சாராய மணம் வந்ததா?
இருபத்தொரு வருசமாய் வந்தது.
வெள்ளிக்கிழமை கிரான்குளத்திலிருந்து
வரவில்லை.

ஐம்பது ரூபாய்த் தாள் தந்திருந்தார்.
டிக்கெட் பன்னிரண்டு.
மிச்சம் முப்பத்தெட்டு என்று பின்பக்கம் எழுதி
நான்தான் கொடுத்தேன்,
இறங்கும்போது கேளுங்க என்று.

பெரியகல்லாற்றில் பொடியன் கைகொடுத்து இறக்கினான்.
"குறை நினைக்காதீங்க ஐயா."
உள்ளங்கையில் இருபது ரூபாய் வைத்தான்,
நான் மறந்த என் மிச்சம்.

வீட்டில் நேசம்மா விரலைக் குத்தினாள்.
கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டாள்.
"எவ்வளவு காட்டுது?"
முப்பத்தெட்டு என்று வாய்வரை வந்தது.
மெஷினை வெளிச்சத்தில் பிடித்து
நூற்று நாற்பத்தாறு என்று வாசித்தேன்.
கொப்பியில் எழுதினாள்.